பேக்ஸ்லாஷைப் படிக்கத் தெரிந்த கருவி

சி மொழியில் எழுதிய ஒரு நிரலில் இப்படி ஒரு சரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"\123"

மேற்கோள் குறிகளுக்கு நடுவே எத்தனை எழுத்து? கண்ணால் எண்ணினால் நான்கு: ஒரு பேக்ஸ்லாஷ், மூன்று இலக்கங்கள். சி கம்பைலரைக் கேட்டால் ஒன்றுதான் என்று சொல்லும். அந்த மூன்று இலக்கங்களையும் அது எட்டை அடிமானமாகக் கொண்ட ஆக்டல் எண்ணாகப் படிக்கிறது. ஆக்டல் 123 நம் கணக்கில் 83. ஆஸ்கி அட்டவணையில் 83-ஆம் இடத்தில் இருப்பது ஆங்கிலப் பெரிய எழுத்து எஸ்.

இப்போது கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவோம்.

"\128"

இதில் எழுத்து இரண்டு. ஆக்டலில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள், 8 கிடையாது. அதனால் கம்பைலர் 12-உடன் நின்றுகொள்கிறது. ஆக்டல் 12 என்பது 10, அதாவது புதிய வரியைக் குறிக்கும் எண். பிறகு வரும் 8 தனி எழுத்து. ஓர் இலக்கம் மாறியதும் சரத்தின் நீளமே மாறிவிட்டது.

பேக்ஸ்லாஷுடன் தொடங்கும் இத்தகைய குறிகளை எஸ்கேப் குறிகள் என்கிறோம். முதல் பாடத்திலேயே சொல்லித்தரப்படும் எளிய விஷயம்தான். ஆனால் சி நிரல்களைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் பகுப்பாய்வுக் கருவிகளை எழுதுகிறவர்கள் மீண்டும் மீண்டும் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஏன் விழுகிறார்கள், எப்படித் திருத்துவது என்பதைப் பார்த்தால், ஓர் எழுத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதே நமக்குப் புதிதாக விளங்கும்.

ஓட்டாமலே பிழை காணும் கருவி

நிரலில் பிழை இருக்கிறதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதை ஓட்டிப் பார்ப்பது. மற்றொன்று, ஓட்டாமல் அதன் மூல வரிகளை மட்டும் படித்து, எங்கே தவறு நேரலாம் என்று கணிப்பது. இரண்டாவது வழிக்கு நிலைப் பகுப்பாய்வு என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1978-ல் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய லின்ட் இந்த வகையில் முன்னோடி. துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். நிரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்களைப் பொறுக்கி எடுக்கும் கருவி என்பது பொருள். லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-ல் தொடங்கிய ஸ்பார்ஸ், டேனியல் மார்யமேக்கி 2007-ல் தொடங்கிய சிபிபிசெக் ஆகியவை இன்று பலரும் பயன்படுத்தும் திறமூலக் கருவிகள்.

இவை தேடும் பிழைகளில் தலையாயது நினைவக மீறல். 10 பைட் இடம் ஒதுக்கிவிட்டு அதில் 11 பைட் எழுதினால், பக்கத்தில் இருக்கும் தரவு அழியும். சில சமயம் அந்த ஒரு பைட்டே ஊடுருவல்காரருக்கு வாசலாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், நிரலில் உள்ள ஒவ்வொரு சரமும் உண்மையில் எத்தனை பைட் என்று கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பைலர் எண்ணுவது போலவே அதுவும் எண்ண வேண்டும். ஒன்று கூடினால் இல்லாத பிழையைச் சொல்லிப் பயமுறுத்தும். ஒன்று குறைந்தால் இருக்கும் பிழையைச் சொல்லாமல் விட்டுவிடும். முதலாவது நடந்தால் நிரலாளர்கள் கருவியின் எச்சரிக்கைகளைப் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது நடந்தால், 'கருவி ஒன்றும் சொல்லவில்லையே' என்ற நம்பிக்கையில் பிழையான நிரல் வெளியே போய்விடும்.

ஒரு கோட்டின் வரலாறு

பேக்ஸ்லாஷை ஆஸ்கி அட்டவணைக்குள் கொண்டுவந்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பெமர். 1961 செப்டம்பரில் அவர் அதை முன்மொழிந்தார். எஸ்கேப் குறிகள் அப்போது அவர் மனத்தில் இல்லை. அல்கால் என்ற மொழியில் 'மற்றும்', 'அல்லது' என்பதற்குக் கூரை வடிவத்திலும் அதைக் கவிழ்த்த வடிவத்திலும் இரண்டு குறிகள் இருந்தன. வலப்பக்கம் சாயும் கோடும் இடப்பக்கம் சாயும் கோடும் இருந்தால், /\ என்றும் \/ என்றும் அடுத்தடுத்து வைத்து அந்த இரண்டையும் எழுதிவிடலாம் என்பதே அவர் எண்ணம். 1963-ல் வெளியான ஆஸ்கியில் அதற்கு 92-ஆம் எண் கிடைத்தது.

சி மொழியின் முன்னோடியான பி மொழியைக் கென் தாம்சன் உருவாக்கியபோது எஸ்கேப் குறியாக நட்சத்திரக் குறியையே வைத்திருந்தார். டென்னிஸ் ரிட்சி அதிலிருந்து சி மொழியை வளர்த்தெடுத்தபோது அந்த வேலை பேக்ஸ்லாஷிடம் வந்து சேர்ந்தது. பின்வந்த பல மொழிகள் சி-யிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டன.

எஸ்கேப் குறியின் தேவை எளிது. சரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மேற்கோள் குறி காட்டுகிறது. அப்படியானால் சரத்துக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி வேண்டுமென்றால் என்ன செய்வது? முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டால், 'அடுத்து வருவதை வழக்கமான பொருளில் எடுக்காதே' என்று அர்த்தம். பேக்ஸ்லாஷே வேண்டுமென்றால் இரண்டு போட வேண்டும். புதிய வரி, தாவல் போன்ற கண்ணுக்குத் தெரியாத குறிகளுக்குப் பேக்ஸ்லாஷும் ஓர் எழுத்தும். எந்த பைட்டையும் எண்ணாகவே எழுத வேண்டுமானால் ஆக்டலில் ஒன்று முதல் மூன்று இலக்கம் வரை. எக்ஸ் எழுத்தை முன்னால் வைத்துப் பதினாறு அடிமான எண்ணாகவும், அதாவது ஹெக்ஸாகவும் எழுதலாம். அதற்கு இலக்க எண்ணிக்கையில் வரம்பே இல்லை. சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில் யூனிகோடு எண்ணுக்கான குறிகளும் சேர்ந்தன: ஒரு வடிவத்துக்குச் சரியாக நான்கு இலக்கம், இன்னொன்றுக்குச் சரியாக எட்டு.

ஆக, இரண்டு எழுத்தில் முடிவது, மூன்று இலக்கம் வரை போவது, முடிவில்லாமல் போவது, குறித்த எண்ணிக்கையில் நிற்பது என்று நான்கு வகை விதிகள். ஒரே கோட்டில் தொடங்கும் குறிகளுக்கு நான்கு விதமான முடிவுகள் இருப்பதே எல்லாத் தொல்லைக்கும் வேர்.

சரம் எங்கே முடிகிறது?

முதல் பிழை மிகப் பழையது. சரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் இப்படி எழுதுகிறார்: 'மேற்கோள் குறியைத் தேடு. அதற்கு முந்தைய எழுத்து பேக்ஸ்லாஷாக இருந்தால் அது முடிவன்று; மேலே போ.' படித்தால் சரியென்றே தோன்றும். பெரும்பாலான சரங்களுக்குச் சரியாகவும் வேலை செய்யும். ஆனால் இந்தச் சரத்தைப் பாருங்கள்.

"\\"

கடைசி மேற்கோள் குறிக்கு முன்னால் இருப்பது பேக்ஸ்லாஷ்தான். ஆனால் அந்தப் பேக்ஸ்லாஷை அதற்கு முந்தைய பேக்ஸ்லாஷ் ஏற்கெனவே தன் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே மேற்கோள் குறி விடுதலையாக நிற்கிறது. சரம் அங்கேயே முடிகிறது. மேலே சொன்ன விதி இதை உணராமல் சரத்தைத் தாண்டி ஓடும். அடுத்த சரத்தின் தொடக்கக் குறியை இந்தச் சரத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் கோப்பே தலைகீழாகிவிடும்: நிரலெல்லாம் சரமாகத் தெரியும், சரமெல்லாம் நிரலாகத் தெரியும். இணைய முகவரி ஒன்றில் வரும் // குறி, கம்பைலர் பொருட்படுத்தாமல் விடும் வரிக் குறிப்பின் தொடக்கமாகத் தோன்றும். "*/*" என்ற சரத்தின் நடுவில் இருக்கும் /* ஒரு நீண்ட குறிப்பைத் திறந்துவிடும். விண்டோஸ் கோப்புப் பாதைகள் பேக்ஸ்லாஷில் முடிவது சாதாரணம் என்பதால் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படும்.

திருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. மேற்கோள் குறிக்கு முன்னால் தொடர்ந்து எத்தனை பேக்ஸ்லாஷ் என்று பின்னோக்கி எண்ணலாம். ஒற்றைப்படை என்றால் மேற்கோள் குறி சரத்தின் பகுதி. இரட்டைப்படை என்றால் அதுவே முடிவு. ஆனால் இதைவிடத் தெளிவான வழி, திரும்பிப் பார்க்காமல் இடமிருந்து வலமாக ஒரே முறை படிப்பது. கருவி எப்போதும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும்: நிரலுக்குள், சரத்துக்குள், ஒற்றை மேற்கோளுக்குள், வரிக் குறிப்புக்குள், நீண்ட குறிப்புக்குள். ஒவ்வோர் எழுத்தும் அதை அதே நிலையில் வைத்திருக்கும் அல்லது வேறு நிலைக்கு மாற்றும். சரத்துக்குள் இருக்கும்போது பேக்ஸ்லாஷ் வந்தால் 'எஸ்கேப்' என்ற நிலைக்குப் போகும். அடுத்த எழுத்து எதுவாக இருந்தாலும், மேற்கோள் குறியாகவோ இன்னொரு பேக்ஸ்லாஷாகவோ இருந்தாலும், அதை விழுங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். கணினியியலில் இதற்கு முடிவுறு நிலைப் பொறி என்று பெயர். '"' என்று ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் இரட்டை மேற்கோள் குறியையும் இந்தப் பொறி தடுமாறாமல் கடந்துவிடும்.

நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஓர் எழுத்து மெய்யா, அகரம் ஏறிய உயிர்மெய்யா என்பதைப் படிக்கிறவர் சொல்லின் ஓட்டத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. நிலைப் பொறி செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஒரு குறியின் பொருள் அதன் வடிவத்தில் மட்டும் இல்லை. அது எங்கே நிற்கிறது என்பதிலும் இருக்கிறது.

எத்தனை பைட்?

சரத்தின் எல்லையைச் சரியாகக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்தது எண்ணிக்கை. இங்கே மூன்று தவறான வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, பேக்ஸ்லாஷையும் அடுத்த ஓர் எழுத்தையும் மட்டும் ஒன்றாக எண்ணுவது. புதிய வரிக்கும் தாவலுக்கும் இது சரி. ஆனால் "\1234" என்ற சரத்தில் \1 ஒன்று, பிறகு 2, 3, 4 என்று நான்காக எண்ணிவிடும். உண்மையில் \123 ஓர் எழுத்து, 4 இன்னோர் எழுத்து. சரத்தை முடிக்கும் பூஜ்ய பைட்டையும் சேர்த்து மூன்று பைட். மூன்று பைட் அணியில் இது பொருந்தும். கருவியோ ஐந்து பைட் என்று கணக்கிட்டு, மீறல் என்று பொய் எச்சரிக்கை தரும்.

இரண்டாவது, இலக்கங்கள் முடியும்வரை எல்லாவற்றையும் விழுங்குவது. அப்போது \1234 என்பது 668 ஆகிவிடும். ஒரு பைட்டுக்குள் அடங்காத எண். மறுபடியும் பொய் எச்சரிக்கை.

மூன்றாவதுதான் ஆபத்தானது: 'மூன்று இலக்கம் வரை' என்ற விதியைச் சரியாக எழுதிவிட்டு, அவை 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களா என்று பார்க்க மறந்துவிடுவது. "\18" என்ற சரத்தை எடுத்துக்கொள்வோம். கருவி அதை ஓர் எழுத்தாகப் படித்து, முடிவு பைட்டோடு சேர்த்து இரண்டு என்று சொல்கிறது. நிரலாளர் இரண்டு பைட் அணியில் அதை நகலெடுக்கிறார். கருவி எதுவும் சொல்வதில்லை. உண்மையில் அந்தச் சரம் 1 என்ற மதிப்புள்ள பைட், 8 என்ற எழுத்து, முடிவு பைட் என மூன்று. கடைசி பைட் அணிக்கு வெளியே போய் விழுகிறது. கண்டுபிடிக்கவேண்டிய கருவியே அதை மறைத்துவிட்டது.

நடுவில் பூஜ்ய பைட் வரும்போது இன்னொரு நுட்பம். 1, 2, பிறகு ஒரு பூஜ்ய பைட், பிறகு 3, 4, 5 வேண்டும் என்று நினைத்து ஒருவர் "12\0345" என்று எழுதுகிறார். கம்பைலர் \034 வரை ஒரே குறியாக எடுத்து 28 என்ற மதிப்பைத் தருகிறது. 5 மட்டும் தனியாக நிற்கிறது. அவர் நினைத்தது கிடைக்க "12\000345" என்று மூன்று பூஜ்யங்களையும் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதினாலும் நீளம் என்ன என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. நீளம் அளக்கும் நூலகச் செயற்கூறு பூஜ்யத்தைக் கண்டதும் நின்று 2 என்று சொல்லும்; சரம் நினைவகத்தில் பிடிக்கும் இடமோ 7 பைட். பகுப்பாய்வுக் கருவி இரண்டையும் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கணக்கு தவறும்.

நம் எழுத்தை வைத்தே ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். ஆக்டலில் "\340\256\205". மேற்கோளுக்குள் பன்னிரண்டு குறிகள் தெரிகின்றன. நினைவகத்தில் மூன்று பைட். வாசகர் கண்ணுக்கு ஓர் எழுத்து. 'அ1' என்று எழுத வேண்டுமானால் "\340\256\2051". \205-இல் மூன்று இலக்கம் நிறைந்துவிட்டதால் 1 தனியாக நிற்கும். இதையே ஹெக்ஸ் குறியில் எழுதினால் கடைசி பைட் 85. அதை அடுத்து 1 வந்தால், இலக்க வரம்பில்லாத அந்தக் குறி 1-ஐயும் விழுங்கி 851 ஆகிவிடும். ஒரு பைட்டில் அடங்காத அந்த எண்ணைத் தரநிலை அனுமதிப்பதில்லை. கார்களுக்கான மென்பொருளிலிருந்து தொடங்கிய மிஸ்ரா விதிமுறைகளின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தக் குழப்பத்தைத் தடுக்கவே ஒரு விதி வைத்திருக்கிறது: ஆக்டல் குறியோ ஹெக்ஸ் குறியோ, சரத்தின் முடிவிலோ இன்னொரு எஸ்கேப் குறியின் தொடக்கத்திலோ முடிய வேண்டும். அந்த விதியை ஒரு கருவி சோதிக்க வேண்டுமானால், குறி எங்கே முடிகிறது என்று முதலில் அதற்கே தெரிந்திருக்க வேண்டும்.

எதற்குப் பிறகு எது?

இதுவரை பார்த்தவை ஓர் எழுத்தை எப்படிப் படிப்பது என்பதில் வரும் பிழைகள். எப்போது படிப்பது என்பதில் வரும் பிழைகள் இன்னும் ஆழமானவை.

சி மொழியில் அடுத்தடுத்து எழுதிய சரங்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே இப்படி எழுதலாம்.

"\12" "3"

முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு எஸ்கேப் குறியைப் பார்த்தால் "\123", ஒரே எழுத்து. முதலில் எஸ்கேப் குறியைத் தீர்த்துவிட்டுப் பிறகு ஒட்டினால், புதிய வரியும் 3-உம் என இரண்டு எழுத்து. எது சரி? சி தரநிலை இதற்கு ஐயத்துக்கு இடமில்லாமல் விடை சொல்கிறது. மூலக் கோப்பு நிரலாக மாறும் வழியை அது எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. எஸ்கேப் குறிகள் தீர்வது ஐந்தாம் படி; சரங்கள் ஒட்டுவது ஆறாம் படி. ஆகவே இரண்டு எழுத்து என்பதே சரி. 'அ1' சிக்கலுக்கும் இதுவே தீர்வு: ஹெக்ஸ் குறியோடு சரத்தை முடித்து, 1-ஐ அடுத்த சரமாக எழுதினால் போதும். படிகளை மாற்றிச் செய்யும் கருவி, அந்தக் கவனமான நிரலாளரின் நிரலையே தவறாகப் படிக்கும்.

அவசரப்பட்டு முன்னதாகவே தீர்ப்பதிலும் கேடு உண்டு. கோப்பைப் படிக்கும்போதே எஸ்கேப் குறிகளை மாற்றி வைத்துவிட்டால் பிற்பாடு வேலை மிச்சம் என்று சில கருவிகள் கருதுகின்றன. ஆனால் நான்காம் படியில்தான் மேக்ரோக்கள், அதாவது நிரலாளர் வைத்த சுருக்கப் பெயர்கள், விரிகின்றன. அங்கே # என்ற குறி ஒன்று உண்டு. கொடுத்த சொல்லை எழுதியபடியே சரமாக மாற்றித் தரும். சரம் ஒன்றையே அதற்குக் கொடுத்தால், அதில் உள்ள ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் பேக்ஸ்லாஷுக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷைச் சேர்க்க வேண்டும். "\\" என்பதைக் கொடுத்தால் "\"\\\\\"" கிடைக்க வேண்டும்; அதன் உள்ளடக்கம் நான்கு எழுத்து. முன்னதாகவே குறியைத் தீர்த்துவிட்ட கருவியிடம் மிஞ்சியிருப்பது ஒரே பேக்ஸ்லாஷ். அதிலிருந்து மூன்று எழுத்தைத்தான் உருவாக்க முடியும். நிரலாளர் எழுதிய மூல வடிவம் தொலைந்துவிட்டது. எந்தக் கணக்காலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

சரம் தொடங்கும் முன்பே

எஸ்கேப் குறிகளுக்கு முன்பே பேக்ஸ்லாஷுக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஒரு வரியின் கடைசி எழுத்தாக அது வந்தால் அந்த வரியும் அடுத்த வரியும் ஒன்றாகிவிடும். இது இரண்டாம் படி. வரிக் குறிப்புகளைப் பிரிப்பது மூன்றாம் படி. ஆகவே // என்று தொடங்கிய ஒரு குறிப்பு, கோப்புப் பாதையை எழுதிவிட்டு \ குறியில் முடிந்தால், அடுத்த வரியில் உள்ள நிரலும் குறிப்பாகிவிடும். அந்த வரி ஓடவே ஓடாது. ஜிசிசி போன்ற கம்பைலர்கள் இதற்கு எச்சரிக்கை தருகின்றன. பகுப்பாய்வுக் கருவி படிகளை மாற்றிச் செய்தால், ஓடாத வரியை ஓடுவதாக எண்ணிப் பகுப்பாய்வு செய்யும்.

முதற்படியில் ட்ரைகிராஃப் என்ற மூன்றெழுத்துக் குறிகள் இருந்தன. பழைய ஐரோப்பியக் கணினிகளில் ஆஸ்கியின் சில இடங்களை அந்தந்த நாட்டின் எழுத்துகள் பிடித்திருந்தன. ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் 92-ஆம் இடத்தில் பேக்ஸ்லாஷுக்குப் பதில், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ எழுத்து இருந்தது. அங்கேயும் சி எழுத முடியவேண்டும் என்பதற்காக ஒன்பது மாற்றுக் குறிகளைத் தரநிலையில் சேர்த்தார்கள். அவற்றில் ??/ என்பது பேக்ஸ்லாஷ். ??! என்பது செங்குத்துக் கோடு. "என்ன??!" என்று வியப்போடு எழுதிய சரம், அந்த விதிப்படி "என்ன|" ஆகிவிடும். இதைத் தவிர்க்கவே \? என்ற எஸ்கேப் குறியும் வந்தது. சி23 தரநிலை ட்ரைகிராஃபுகளை நீக்கிவிட்டது. ஆகவே ஒரு கருவி, தான் படிக்கும் நிரல் எந்த ஆண்டின் தரநிலைப்படி எழுதப்பட்டது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்துக் குறியாக்கத்தையும் கேட்க வேண்டும். ஜப்பானியரின் ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் பல எழுத்துகள் இரண்டு பைட். அவற்றில் சிலவற்றின் இரண்டாம் பைட் 92. 'சோ' என்ற கட்டகானா எழுத்து அப்படிப்பட்டது. பைட் பைட்டாகப் படிக்கும் கருவி அந்த எழுத்தின் பின்பாதியைப் பேக்ஸ்லாஷ் என்று நினைத்து, அடுத்து வரும் மேற்கோள் குறியை விழுங்கிவிடும். யூடிஎஃப்-8 முறையில் இந்த ஆபத்து இல்லை. ஆஸ்கி அல்லாத எழுத்துகளின் எல்லா பைட்டுகளும் 127-க்கு மேற்பட்டவையாகவே அதில் வடிவமைக்கப்பட்டுள்ளன. தமிழில் சரம் எழுதுகிறவர்கள் அந்த வடிவமைப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

'\377' என்ற ஒற்றை எழுத்தின் மதிப்பு என்ன என்பதற்கும் ஒரே விடை கிடையாது. எட்டு பிட்டும் ஒன்றாக உள்ள பைட் அது. இன்டெல் வகைச் செயலிகளில் சாதாரண எழுத்து வகைக்குக் கழித்தல் குறி உண்டு என்று கம்பைலர்கள் கொள்வதால் விடை -1. லினக்ஸ் ஓடும் ஆர்ம் செயலிகளில் வழக்கமாக 255. மடிக்கணினியில் ஓடும் பகுப்பாய்வுக் கருவி, கைக்கருவி ஒன்றுக்கான நிரலைப் படிக்கும்போது இலக்குச் செயலியின் வழக்கத்தைத்தான் பின்பற்ற வேண்டும்.

திருத்தும் முறை

இத்தனை பிழைகளையும் தனித்தனியாக ஒட்டுப் போட்டுத் திருத்தலாம். அப்படித் திருத்திய கருவிகள் மறுபடி உடையும். காரணம் எளிது. சரத்தின் நீளம், நினைவகத்தில் அதன் அளவு, குறிப்பிட்ட இடத்தில் உள்ள எழுத்து, ஒற்றை மேற்கோளின் எண் மதிப்பு ஆகிய நான்கையும் கருவி கணக்கிட வேண்டும். நான்குக்கும் நான்கு செயற்கூறுகள் எழுதி, ஒவ்வொன்றிலும் எஸ்கேப் குறியைப் படிக்கும் சுழலைத் தனித்தனியாக எழுதியிருந்தால், ஒன்றில் திருத்திய பிழை மற்ற மூன்றில் அப்படியே இருக்கும்.

நிலைத்து நிற்கும் திருத்தம் மூன்று முடிவுகளில் அடங்கும். முதலாவது, ஓர் எஸ்கேப் குறியைப் படிக்க ஒரே ஒரு செயற்கூறு. தொடங்கும் இடத்தைக் கொடுத்தால் அது இரண்டு விடைகளைத் தர வேண்டும்: குறியின் மதிப்பு, அது எடுத்துக்கொண்ட எழுத்துகளின் எண்ணிக்கை. நீளமோ அளவோ மதிப்போ, எது வேண்டுமானாலும் எல்லாரும் அதையே கேட்க வேண்டும். இரண்டாவது, எழுதிய வடிவத்தையும் தீர்த்த மதிப்பையும் இரண்டாகவே பாதுகாப்பது. மேக்ரோவுக்கு எழுதிய வடிவம் வேண்டும். அளவுக் கணக்குக்கு மதிப்பு வேண்டும். மூன்றாவது, தரநிலையின் எட்டுப் படிகளையும் அதே வரிசையில் வைப்பது.

பிறகு சோதனை. எல்லைகளில் நிற்கும் சரங்களைத் தேர்ந்தெடுத்து, விடையோடு எழுதி வைக்க வேண்டும். முடிவு பைட்டைச் சேர்க்காமல் எண்ணினால் விடைகள் இவை:

"" என்றால் 0
"\\" என்றால் 1
"\"" என்றால் 1
"\\\"" என்றால் 2
"\18" என்றால் 2
"\1234" என்றால் 2
"\0000" என்றால் 2
"\12" "3" என்றால் 2

இந்த எட்டு வரிகளில் எந்த ஒன்றில் தவறினாலும் அந்தக் கருவி எங்கே தடுமாறுகிறது என்று சொல்லிவிடலாம். இன்னும் உறுதி வேண்டுமானால், ஆயிரக்கணக்கான சரங்களை எழுந்தமானமாக உருவாக்கி, ஒவ்வொன்றின் அளவையும் கம்பைலரிடமும் கருவியிடமும் கேட்டு ஒப்பிடலாம். விடைகள் வேறுபடும் ஒவ்வோர் இடமும் ஒரு பிழை. இந்த ஒப்பீட்டுச் சோதனைக்குப் பெரிய கணினி வேண்டாம். ஒரு மாணவரின் மடிக்கணினி போதும்.

பகுப்பாய்வுக் கருவியின் அறிவு என்று நாம் புகழ்வதெல்லாம், அதாவது எந்த மாறிக்கு என்ன மதிப்பு வரும், எந்தப் பாதையில் நிரல் போகும் என்றெல்லாம் அது கணிப்பது, எழுத்துகளைச் சரியாகப் படித்தது என்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அடித்தளம் ஒரு பைட் பிசகினால் மேலே உள்ள கணிப்பு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயனில்லை.

சி கற்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பார்ஸ், சிபிபிசெக் போன்றவற்றின் மூல நிரலை யாரும் இறக்கிப் படிக்கலாம். அவற்றில் எஸ்கேப் குறிகளைப் படிக்கும் பகுதியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மேலே உள்ள எட்டு வரிகளையும் கொடுத்துப் பாருங்கள். விடை ஒன்று தவறாக வந்தால், எந்த விதி மீறப்பட்டது என்று தரநிலையைப் பார்த்து எழுதி, அந்தச் சோதனையையும் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்தத் திருத்தம் ஏற்கப்பட்டால், அந்தக் கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலாளருக்கும் அது போய்ச் சேரும்.